சம்பந்தி அனுப்பிய வம்ச மரம்

2014ஆம் ஆண்டு, ஈஸ்டர் விடுமுறை முடிந்த கிழமை. சுவிஸில், பேர்னுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குத் தபாலில் நீளமான அட்டைக் குழாய் ஒன்று வந்தது. மகள் எங்கேயோ வாங்கிய திரைச்சீலைக் கம்பியாக்கும் என்று நினைத்து அதைக் கதவு மூலையில் சாத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் அதில் குடையைக் கொழுவி வைத்திருந்தோம். மூன்றாம் நாள்தான் மனைவி அதன் மேலிருந்த விலாசத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்சரப்பா, இது சம்பந்தி வீட்டிலையிருந்தெல்லோ வந்திருக்கு!" என்று கத்தினாள்.

எங்கள் மகள் இங்கேயே பிறந்தவள். பிசியோதெரபி படித்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். ஷாஃப்ஹவுசனில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பொடியனைக் கட்டப்போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். மனைவி ஒரு கிழமை அழுதாள். பிறகு பொடியன் வீட்டுக்கு வந்து, இடியப்பத்துக்குச் சொதியைக் கேட்டுக் கேட்டு வாங்கி மூன்று தரம் சாப்பிட்டதும் இரண்டு பேரும் இளகிப்போனோம். அவனுடைய தகப்பன் சுவிஸ்காரர். தாய் டென்மார்க்கில் பிறந்து, இங்கே கலியாணம் கட்டி வந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எல்லாம் நல்ல சனம். மனைவிக்கு ஒரே ஒரு மனக்குறைதான் மிச்சம். அவர்களை விசாரிக்க வழியில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் விசாரிக்காமல் சம்பந்தம் செய்வதில்லை. முந்தி என்னை விசாரிக்க வந்த பெண் வீட்டார், எங்கள் ஒழுங்கை முடக்கிலிருந்த சைக்கிள் கடையில் காற்றடிக்கிற சாட்டில் ஒரு மணித்தியாலம் நின்று கதை கொடுத்தார்கள். கடைக்காரர் என் அப்பா என்பது அவர்களுக்குத் தெரியாது. அவரும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. என்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் சொல்லி, காற்றையும் சும்மா அடித்து அனுப்பிவிட்டார். என் கலியாணம் அப்படித்தான் ஒப்பேறியது.

இப்போதெல்லாம் விசாரணை டெலிபோனில் நடக்கிறது. எங்கள் சொந்தத்தில் அதற்கென்றே ஒருவர் இருக்கிறார். மனைவியின் பெரியப்பா மகன், லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். எல்லாருக்கும் அவர் 'லாங்கன்தால் அண்ணை'. ஒரு பெயரும் ஒரு ஊரும் கொடுத்தால் போதும். ஒரு கிழமைக்குள் அந்த வீட்டுப் பூட்டன் யாரோடு எல்லைச் சண்டை பிடித்தார் என்பது வரை கொண்டுவந்து தருவார். அப்பேர்ப்பட்டவரே டென்மார்க் என்றதும் கையை விரித்துவிட்டார். "அங்கை எனக்கு ஆளில்லை, பிள்ளை" என்று, ஏதோ கடைசி ஸ்கேன் பார்த்த டாக்டர் மாதிரிச் சொன்னார்.

இந்த நிலையில்தான் குழாயைத் திறந்தோம். உள்ளே சம்பந்தியம்மா தன் கையால் வரைந்த பெரிய மரம். கிளைக்குக் கிளை கட்டங்கள். பதினொரு தலைமுறை! ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், ஊர், அதற்குக் கீழே தொழில். தொழிலை மட்டும் தேவாலயப் பதிவேட்டில் உள்ளபடியே பழைய டேனிஷ் சொல்லில் விட்டிருக்கிறேன் என்று கடிதத்தில் எழுதியிருந்தார். கூடவே இன்னொரு தாளில், கட்டங்கள் எல்லாம் வெறுமையாக, எங்களுக்கு ஒரு மரம். அதை நாங்கள் நிரப்பிக்கொண்டு மே மாதக் கடைசி ஞாயிறு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவேண்டும். இரண்டு மரத்தையும் ஒன்றாக இணைத்து வரைந்து, செப்டம்பரில் கலியாண மண்டப வாசலில் தொங்கவிடப் போகிறாராம்.

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுடைய சரித்திரத்திலேயே மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே தங்களை விசாரித்து, எழுத்தில், தபால் செலவும் போட்டு அனுப்பியது இதுதான் முதல் தடவை. உடனே லாங்கன்தாலுக்கு அடித்தாள். "அண்ணை, ஆள் வந்திட்டுது" என்றாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அண்ணை வந்து இறங்கினார். கையில் பூதக்கண்ணாடி, பையில் அவருடைய பிரசித்தி பெற்ற கொப்பி. மகள் பொடியனோடு மலை ஏறப் போயிருந்தது எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. அவள் இருந்திருந்தால் இந்த வேலையைச் செய்யவே விட்டிருக்க மாட்டாள். சாப்பாட்டு மேசையில் மரத்தை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு சம்பல் போத்தலை வைத்தோம். கொப்பியில் அண்ணை கோடு போட்டு 'பெயர், தொழில், குறை' என்று மூன்று பிரிவு எழுதினார்.

கீழிருந்து மேலே போக வேண்டும் என்பது அண்ணையின் சட்டம். கீழே நான்கு தலைமுறை சுகமாக இருந்தது. ஆசிரியை, தபால்காரர், பால்பண்ணை என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனை வைத்தே ஊகிக்கலாம். அதற்கு மேலேதான் கரடுமுரடு. 'ஹுஸ்மாண்ட்' என்று ஐந்தாறு பேர் இருந்தார்கள். கம்ப்யூட்டரிடம் கேட்டால் 'வீட்டு மனிதன்' என்றது. அண்ணை திருப்தியாகத் தலையாட்டி 'சொந்த வீடு உண்டு' என்று எழுதிக்கொண்டார். பிறகு நான் தேடித் தேடி, பழைய டேனிஷ் தொழிற்பெயர்களுக்கு ஜெர்மனில் விளக்கம் எழுதிய ஒரு நீண்ட பட்டியலைக் கண்டுபிடித்தேன். வம்சம் தேடுகிறவர்களுக்காக யாரோ புண்ணியவான் போட்டு வைத்தது. ஒரு குடிசையும் கையளவு நிலமும் வைத்துக்கொண்டு பெரிய கமக்காரனிடம் கூலிக்குப் போகிறவன்தான் ஹுஸ்மாண்ட் என்று அதில் இருந்தது. அண்ணை தான் எழுதியதை வெட்டிவிட்டு, 'வீடு சின்னன்' என்று திருத்தினார்.

'அஃப்டெக்ட்ஸ்மாண்ட்' என்பதை அவிழ்க்க முக்கால் மணித்தியாலம் போனது. காணியை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சாகும்வரை ஒரு அறையும் இவ்வளவு மாவும் இவ்வளவு வெண்ணெயும் இவ்வளவு விறகும் தரவேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட கிழவன் அவன். மனைவி இதைக் கேட்டுச் சொக்கிப்போனாள். "பாருங்கோ, எவ்வளவு ஒழுங்கான சனம்! எங்கட ஆக்கள் காணியை எழுதிக் குடுத்திட்டு வாயையும் மனத்தையும் நம்பிக்கொண்டெல்லோ இருக்கிறவை" என்றாள். மருமகனிடமும் இப்படி ஒன்று எழுதி வாங்கலாமா என்று யோசித்தாள் போல. வெண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெய் என்று போடலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு வந்தது 'ஸோக்னஃபோகெட்'. பட்டியலைப் பார்த்தால், ஊரில் அரசாங்கத்தின் ஆள், சண்டை சச்சரவு தீர்ப்பவர், களவு போனால் விசாரிப்பவர் என்று இருக்கிறது. அண்ணை கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

"தம்பி, இது விதானையார்!"

"ஓமண்ணை, அப்பிடித்தான் இருக்கு."

"இருக்கோ? இது விதானையார்தான். தங்கச்சி, டெலிபோனை எடு."

அவர் நின்ற நிலையிலேயே டொரோண்டோவுக்கு அடித்தார், அடுத்தது லண்டன். பொடியன் பகுதி விதானையார் பரம்பரை என்று இரண்டு கண்டங்களுக்கும் அறிவித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை கோயிலில் ஒரு பெண் மனைவியிடம், "உங்கட சம்பந்தி ஆக்கள் டென்மார்க் ராசாவின்ர மணியகாரராமே?" என்று கேட்டாளாம். இரண்டே நாளில் விதானையாருக்கு உத்தியோக உயர்வு கிடைத்திருந்தது.

இனி நட்சத்திரத்துக்கு வருகிறேன். மரத்தில் ஏழாவது தலைமுறையில் ஒரே ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் சின்னத் தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தது. வேறு ஒருவருக்கும் அது இல்லை. கடைசியாகப் பார்ப்போம், பெரிய ஆளாகத்தான் இருக்கும் என்று அண்ணை அதை ஒதுக்கி வைத்திருந்தார். தேத்தண்ணி குடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்துதான் பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்தார். 'நாட்மாண்ட்' என்று இருந்தது. இரவோடு சம்பந்தப்பட்ட வேலை என்பது மட்டும் எங்களுக்கு விளங்கியது. கோட்டைக் காவலுக்குப் பொறுப்பான தளபதி என்றார் அண்ணை. நான் பட்டியலில் தேடி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உரத்து வாசிக்கத் தொடங்கினேன்.

ஊராரின் மலக்குழிகளை இரவில் அள்ளி வெளியேற்றுபவர். செத்த குதிரைகளின் தோலை உரிப்பவர். தூக்கில் போட்டவர்களின் உடலைப் புதைப்பவர். தீண்டத்தகாதவராகக் கருதப்பட்டார், ஊரார் அவரோடு இருந்து சாப்பிட மாட்டார்கள் என்ற இடத்தில் எனக்குக் குரல் இறங்கிவிட்டது.

"நிப்பாட்டு தம்பி" என்றார் அண்ணை. கொப்பியை மூடி, அதற்கு ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றாகப் போட்டார். "தங்கச்சி, இது இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது."

"நீங்கள்தானே அண்ணை டொரோண்டோவுக்கு அடிச்சனீங்கள்?"

"அது விதானையாருக்கு அடிச்சது."

மனைவி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஏழு தலைமுறைக்கு முந்திய ஒரு டென்மார்க்காரன் செய்த வேலைக்கு ஓஸ்டர்முண்டிகனில் இருந்து ஒருத்தி அழுவது இன்றைக்கு எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கும் நெஞ்சு பாரமாகத்தான் இருந்தது. பிள்ளைகளின் சந்தோஷத்தை இதற்காகக் குழப்ப எங்களுக்கு மனமில்லை. ஆனால் அந்த மரம் மண்டப வாசலில் தொங்கும். கனடா, லண்டன், பாரிஸ் என்று வருகிற எங்கள் சனம் முழுக்க அதன் முன்னால் நின்று விதானையாரைத் தேடும். எல்லார் கையிலும் போன் இருக்கிறது, எல்லாருக்கும் அந்தப் பட்டியல் அகப்படும். பிறகு மகளை வாழ்நாள் முழுக்க இன்னார் வீட்டில் கட்டினவள் என்பார்கள். அந்த ஒரு கட்டத்தை எப்படியாவது எடுப்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அந்த நட்சத்திரம் ஏன் என்று மூன்று பேரும் மண்டையைப் போட்டு உடைத்தோம். கடைசியில் எனக்குத்தான் வெளித்தது. சம்பந்தியம்மாவுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது! பழைய சொல்லல்லவா? அவரும் எங்களைப் போலவே ஏதோ பெரிய உத்தியோகம் என்று எண்ணி நட்சத்திரம் ஒட்டிவிட்டார், பாவம். தெரிந்தால் யாராவது இதைச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவார்களா? ஆக, நான் நேரில் போய், மனம் நோகாமல், பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவரே வெட்கப்பட்டு அந்தக் கட்டத்தை எடுத்துவிடுவார். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்தது எங்கள் மரம். எங்களுக்குத் தாத்தாவைத் தாண்டி ஒருவரையும் ஒழுங்காகத் தெரியாது. தெரிந்தவர்களையும் உள்ளபடி எழுத அண்ணை விடவில்லை. சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பா 'வாகனப் பொறியியல்' ஆனார். சுருட்டுக் கொட்டிலில் சுருட்டுச் சுற்றிய தாத்தா 'புகையிலை ஏற்றுமதி'. கலியாண வீடுகளுக்குச் சமைக்கப் போன மனைவியின் தாத்தா 'விழா முகாமையாளர்'. அதற்கு மேலே வெறுமையாக இருந்த கட்டங்கள் எல்லாவற்றிலும் அண்ணை ஒரே மூச்சில் 'நிலச்சுவாந்தர்' என்று எழுதச் சொன்னார். மனைவி ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். அவளுக்கு 'துணி முகாமைத்துவம்' என்று போட்டோம். எனக்கு நேரே 'மருத்துவமனை, சுகாதாரப் பிரிவு' என்று நானே எழுதினேன்.

இந்த இடத்தில் என் தொழிலை உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். அப்போது நான் பேர்னில் ஒரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாகத் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். தரை, ஜன்னல், கழிப்பறை எல்லாம் என் பொறுப்பு. ஊரில் கேட்பவர்களுக்கு 'ஆஸ்பத்திரியில் வேலை' என்று மட்டும் சொல்வேன், மிச்சத்தை அவர்கள் தங்களுக்கு விரும்பியபடி நினைத்துக்கொள்வார்கள். நம்பினால் நம்புங்கள், அந்த டேனிஷ்காரனுக்காக நான் கூனிக் குறுகிய நான்கு கிழமையும், ஒரு நாள்கூட, ஒரு கழிப்பறையைத் துடைக்கும்போதுகூட, அவனும் நானும் ஒரே வேலைக்காரர் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு. பயத்தம் பணியாரமும் முறுக்கும் நிரப்பிய தட்டத்தோடு அண்ணை, பட்டுச்சேலையில் மனைவி, சுருட்டிய மரத்தோடு நான், பின்னால் மகள் என்று ரயிலேறி ஷாஃப்ஹவுசன் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க நான் ஜன்னல் பக்கம் திரும்பி, சம்பந்தியம்மாவுக்குச் சொல்ல வேண்டிய ஜெர்மன் வசனங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். செத்த வீட்டுக்குப் போகிற முகம் என்று மகள் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிப்பிடித்தல், கைகொடுத்தல் எல்லாம் நடந்தது. பிறகு கருப்புப் பாணில் வினாகிரி மீனை வைத்து ஒரு சாப்பாடு. மனைவி பாணைச் சாப்பிட்டு மீனை ஒதுக்க, அண்ணை இரண்டு பேருடையதையும் முடித்தார். சம்பந்தியம்மா கோப்பி போடக் குசினிக்குள் போனார். இதுதான் தருணம் என்று நானும் பின்னால் போனேன். கதவைச் சாத்தினேன். அம்மா, மன்னிக்க வேண்டும், உங்கள் ஏழாம் தலைமுறைத் தாத்தாவைப் பற்றி ஒரு துக்கமான செய்தி என்று ஆரம்பித்தேன்.

முப்பது வருடம் பிள்ளைகளின் தடுமாற்றத்தைக் கேட்டுப் பழகிய மனுசி. குறுக்கே ஒரு சொல் பேசாமல், கோப்பிக் கரண்டியைப் பிடித்தபடி, நான் மலக்குழி, குதிரைத் தோல், தூக்குமரம் எல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். ஐயோ, மயங்கப் போகிறார் என்று நான் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன். பார்த்தால் மனுசி சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிய வழிய, மடியில் தட்டித் தட்டிச் சிரிக்கிறார். புருசனைக் கூப்பிட்டு, வா, வா, இவர் அதைக் கண்டுபிடித்திருக்கிறார் என்று கத்தினார்.

என்னைக் கையில் பிடித்து வரவேற்பறைக்கு இழுத்துப் போனார். அங்கே சுவரில் அதே மரம், இதைவிடப் பெரிதாக, அதே கட்டத்தைச் சுற்றித் தங்க நிறத்தில் கோடு. தன்னுடைய இரண்டு மகன்களும் இந்த மரத்தை ஒரு தரமும் முழுதாகப் பார்த்ததில்லை, அந்நிய ஊர்க்காரரான இவர் பட்டியல் தேடி, தானாக வாசித்து, அந்தப் பழைய சொல்லை அவிழ்த்து வந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் முன்னால் என்னைப் புகழ்ந்தார். பொடியன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தான். எதற்காக நான் அவ்வளவு பாடுபட்டு அவிழ்த்தேன் என்று அவருக்குத் தெரியாது. அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்மாண்டைக் கண்டுபிடிக்கச் சம்பந்தியம்மாவுக்கு நான்கு கோடை விடுமுறை போனதாம். டென்மார்க்கில் ஆவணக் காப்பகத்தின் மர வாங்கில் உட்கார்ந்து பதிவேடு பதிவேடாகப் புரட்டினாராம். காரணம், அந்த மனுசனின் மகன் வேறு ஊருக்குப் போய், தகப்பனும் தானும் ஹுஸ்மாண்ட் என்று எழுதிவிட்டான். அந்த ஒரு சொல்லோடு பாதை அடைபட்டுவிட்டது. மகனைத் தான் குறை சொல்லவில்லை என்றார். நாட்மாண்டுக்குச் சாராயக் கடையில் தனிக் கிளாஸ் வைத்திருப்பார்களாம். மற்றவர்கள் தவறுதலாக எடுத்துவிடாமல் இருக்க அது நிற்கிற அடிப்பாதத்தை உடைத்துவிடுவார்கள் என்று ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறாராம். அடி இல்லாததால் அதை மேசையில் வைக்க முடியாது. குடித்து முடிக்கும்வரை கையிலேயே பிடித்திருக்க வேண்டும்.

அப்படிச் சொல்லிக்கொண்டே அலுமாரியைத் திறந்து, அடி முறிந்த ஒரு வைன் கிளாஸை எடுத்தார். எப்போதோ கை தவறி உடைந்ததை, அந்தத் தாத்தாவின் ஞாபகமாக எறியாமல் வைத்திருக்கிறார். வீட்டில் மதிப்பான விருந்தாளிக்கு அதில்தான் ஊற்றிக் கொடுப்பது வழக்கமாம். பெருஞ்சீரகம் போல மணக்கிற ஒரு டேனிஷ் சாராயத்தை அதில் விளிம்பு வரை ஊற்றி என் கையில் தந்தார்.

நான் பிரஷர் குளிசை போடுகிறவன். குடிக்கவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது. அண்ணை உதவிக்குக் கையை நீட்டினார், சம்பந்தியம்மா இது இவருக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார். நான் அந்தக் கிளாஸை மெழுகுதிரி மாதிரி நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நிற்க, அவர் என் மற்றக் கையிலிருந்து எங்கள் மரத்தை ஆசையாக வாங்கி மேசையில் விரித்தார். மகளை மொழிபெயர்க்கச் சொன்னார். பென்சிலைக் கூர் தீட்டிக்கொண்டார்.

மகள் வாசிக்க வாசிக்க அவள் குரல் மாறியது. "அப்பா, இது ஆர்? தாத்தா வாகனப் பொறியியலோ?" என்றாள். மாமாவின் வசனம் என்று உடனே விளங்கிவிட்டது போல, அண்ணையைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அண்ணை முறுக்குத் தட்டத்தை நேராக்கினார். நிலச்சுவாந்தர்கள் வரிசையாக வந்தார்கள். சம்பந்தியம்மா ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார், ஒன்றையும் எழுதவில்லை. என் கட்டம் வந்ததும் நிமிர்ந்து, சுகாதாரப் பிரிவில் சரியாக என்ன வேலை என்று என்னிடமே கேட்டார். கிண்டலாக இல்லை. இருநூறு வருடம் கழித்து உங்கள் பேத்தியின் பேத்தி ஒருத்தி உங்களைத் தேடிக்கொண்டு வருவாள், அவளையும் என்னைப் போல நான்கு கோடை வாங்கில் இருத்தாதீர்கள் என்றார்.

மகள் எனக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நீங்கள் கிளீனிங் எண்டு நான் இவையளுக்கு முதல் நாளே சொல்லிப்போட்டன். அதிலை மறைக்க என்ன இருக்கு?"

நான் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஏனோ டென்மார்க் ஞாபகம் வரவில்லை, எங்கள் ஒழுங்கை ஞாபகம் வந்தது. நான் சின்னவனாக இருந்தபோது காலையில் ஒருவர் வாளியோடு வந்து எங்கள் பின்வளவுக் கக்கூஸைச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். அவருக்கென்று எங்கள் வேலியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை செருகியிருக்கும். அம்மா செம்பை உயர்த்திப் பிடித்து அதில் தேத்தண்ணி ஊற்றுவார். சிரட்டைக்கும் நிற்க அடி கிடையாது. அவரும் குடித்து முடிக்கும்வரை அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். அதை ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். ஒரு தரமும் பார்த்ததே இல்லை என்றுதான் அந்த நிமிடம் தோன்றியது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம், காதெல்லாம் சுட்டது.

ஒரே மிடறில் குடித்தேன். தொண்டை எரிந்தது. இருமிக்கொண்டே, "இஷ் புட்ஸே" என்றேன். நான் துடைக்கிறவன் என்று அர்த்தம். கழிப்பறைகளும்தான் என்று சேர்த்துச் சொன்னேன். சம்பந்தியம்மா தலையாட்டிவிட்டு, அழகான எழுத்தில் அதை அப்படியே எழுதினார். "நான் உடுப்புத் தோய்க்கிறனான் எண்டு சொல்லு பிள்ளை" என்று மனைவி மகளிடம் சொன்னாள். சைக்கிள் கடை சைக்கிள் கடையாகவும் சுருட்டு சுருட்டாகவும் திரும்பி வந்தன. எல்லாரும் அண்ணையைப் பார்த்தோம். அவர் கனைத்துக்கொண்டு, "அந்த நிலச்சுவாந்தர்மாரை அழிக்கச் சொல்லு. தெரியாது எண்டு போடட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த வெறுங்கிளாஸிலை எனக்கும் ஒரு சொட்டு விடச் சொல்லு" என்றார்.

திரும்பும் ரயில் பேர்னுக்குக் கிட்ட வரும்போது மனைவி, "அந்த மனுசன் செய்த வேலையைத்தானே அப்பா நீங்களும் செய்யிறீங்கள், நான் ஏன் அழுதனான்?" என்று கேட்டாள்.

செப்டம்பரில் கலியாணம் நல்லபடி நடந்தது. மண்டப வாசலில் இரண்டு மரமும் ஒன்றாகத் தொங்கின. என் கட்டத்தில் 'துப்புரவுத் தொழிலாளி, மருத்துவமனை, பேர்ன்' என்று தமிழிலும் ஜெர்மனிலும் இருந்தது. நான் நினைத்துப் பயந்தபடியே டொரோண்டோக்காரர் ஒருவர் வந்து, "எங்கை அந்த மணியகாரர்?" என்று தேடினார். லாங்கன்தால் அண்ணை அவரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டுபோய், மணியகாரரைக் காட்டாமல், நேரே தங்க நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தி, நாட்மாண்ட் என்றால் என்னவென்று முழுக்க விளக்கினார். குதிரைத் தோலைக்கூட விடவில்லை. வந்தவர் முகம் போன போக்கை நான் தூரத்திலிருந்து ரசித்தேன். பின்னால் யார் யார் என்ன கதைத்தார்களோ தெரியாது. கதைத்திருப்பார்கள். அடுத்த வருடம் பேரன் பிறந்தபோது எல்லாரும் பார்க்க வந்தார்கள்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சம்பந்தியம்மா இன்னும் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் நானும் அண்ணையைக் கூப்பிட்டு, எங்கள் ஒழுங்கைக்கு வாளியோடு வந்தவரின் பெயரை விசாரித்துத் தரச் சொன்னேன். அண்ணை சளைக்கவில்லை. யாழ்ப்பாணம், லண்டன், டொரோண்டோ, பாரிஸ் என்று எல்லா இடமும் அடித்தார், எங்கள் ஒழுங்கையில் அந்தக் காலத்தில் இருந்த அத்தனை வீட்டாரையும் பிடித்துக் கேட்டார். எல்லாருக்கும் ஆளைத் தெரிகிறது, வாளி தெரிகிறது, வருகிற நேரம் தெரிகிறது. பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏழு தலைமுறைக்கு முந்தி செத்த ஒரு டென்மார்க்காரனின் பெயரும் ஊரும் தொழிலும் என் வீட்டுச் சுவரில் தொங்க, பத்து வருடம் என் வீட்டு வாசலுக்கு வந்து போன ஒரு மனுசனை 'ஐயா, உங்கட பேரென்ன?' என்று ஒரு தரம் கேட்காமல் விட்டுவிட்டேனே என்பதுதான், கலியாண ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் என் சிரிப்பைப் பாதியில் நிறுத்துகிறது.